ஆட்ட நாளும் புதுக் கருவியும்: நீலகிரியில் ஒரு தொலைக்காட்சித் தொழிலின் அனுபவங்கள்

நீலகிரி மாவட்டத்தில் ஒரு குடும்பம் எப்போது தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும் என்பதை மூன்று காரணிகள் முடிவு செய்து வந்துள்ளன: தேயிலைத் தோட்டங்களில் தீபாவளியை ஒட்டி வழங்கப்படும் போனஸ், சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை, உலகக் கோப்பை போன்ற பெரிய விளையாட்டுப் போட்டிகள். முதல் இரண்டும் கையில் பணம் இருக்கிறதா என்பதைச் சொல்லும். மூன்றாவது, அந்தப் பணம் எந்தக் கருவிக்குப் போகும் என்பதைச் சொல்லும். வண்ணப் பெட்டி, டிஷ், தட்டைத் திரை, முப்பரிமாணத் திரை, திறன்பேசி என ஒவ்வொரு புதுக் கருவியும் ஏதேனும் ஒரு போட்டியின் தோளில் ஏறியே மலைக்கு வந்தது. குன்னூரிலும் உதகையிலும் கோத்தகிரியிலும் ஏரியல் கட்டுதல், டிஷ் பொருத்துதல், பெட்டி பழுதுபார்த்தல் ஆகிய வேலைகளைச் செய்து வந்தவர்கள், மக்கள் வழக்கில் 'டிவி மெக்கானிக்குகள்', இந்த வருகைகளை மிக அருகிலிருந்து கண்டவர்கள். அவர்களுடைய தொழிலனுபவம் உறுதியாகக் கற்பிப்பது ஒன்று உண்டு. கருவியைப் பற்றிய ஆரவாரம் போட்டியோடு ஓய்ந்துவிடுகிறது; அந்த ஆரவாரத்தை முன்னிட்டு மலைக்கு வந்து சேர்ந்த அலை ஏற்பு வசதியும், அதைக் காத்து நடத்தும் கைத்திறனுமே நிலைத்துப் பயன் தருகின்றன.

மலையும் அலையும்

தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. சமவெளியில் ஒரு கோபுரத்திலிருந்து புறப்படும் அலை தடையின்றிப் பரவும்; மலையிலோ ஒவ்வொரு முகடும் தனக்குப் பின்னால் ஒரு நிழலை உண்டாக்கும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டரிலும், உதகை சுமார் 2,240 மீட்டரிலும், அவற்றுக்கு மேல் தொட்டபெட்டா 2,637 மீட்டரிலும் இருக்க, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்புகள், பெரும்பாலும் சரிவுகளின் மடிப்புகளிலும் ஓடைகளுக்கு அருகிலும் அமைந்துள்ளன. இதனால் ஒரே தோட்டத்தில் மேல் லைனில் தெளிவாகத் தெரியும் படம், கீழ் லைனில் வெறும் புள்ளிகளாகத் தெரியும். இப்புள்ளிகளை மக்கள் 'கொசு' என்றார்கள். எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அலை சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் ஒரே உருவம் இரண்டாகத் தெரிவதும் உண்டு. பந்து ஒன்றாக இருக்க, திரையில் இரண்டு பந்துகள் ஓடும்.

மலைச்சரிவு எல்லா அலை ஏற்புக்கும் பகையன்று. உதகைக்கு அருகே முத்தோரையில் 1970-ல் செயல்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உருளைப் பரவளைய அமைப்பாகும். ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த ஒரு சரிவை, அவ்விடத்தின் அட்சரேகைக்கு அது சமமாக இருந்த காரணத்தால், வானியலாளர் கோவிந்த் சுவரூப்பும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்தனர். அதன் பயனாக, தொலைநோக்கியின் நீளச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைந்து, வானப் பொருள்களை ஒரே அச்சில் சுழன்று மணிக்கணக்கில் பின்தொடர முடிந்தது. மலையை அளந்து அறிந்துகொண்டு அதற்கேற்பக் கருவியை அமைத்தால் மலையே துணையாகும் என்னும் பாடம் இத்தொழிலுக்கும் பொருந்தும்.

வண்ணமும் ஏரியலும்

இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-ல் தொடங்கியது. அதற்கு உடனடித் தூண்டுதலாக இருந்தது அவ்வாண்டு நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை புதுதில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆயினும் நீலகிரியைப் பொறுத்தவரை அந்த வண்ணம் செய்தித்தாளில் படித்த வண்ணமே. 1983 ஜூன் 25-ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் 183 ஓட்டங்களை மட்டுமே எடுத்த இந்திய அணி, மேற்கிந்தியத் தீவுகளை 140-க்குள் சுருட்டி உலகக் கோப்பையை வென்றபோதும், மலையில் பெரும்பாலான வீடுகளுக்கு அச்செய்தியைத் தந்தது வானொலிதான். 1984-க்குப் பிறகு நாடு முழுவதும் குறைந்த திறன் அஞ்சல் நிலையங்கள், அதாவது செயற்கைக்கோள் வழியாகப் பெற்ற நிகழ்ச்சியை 100 வாட் அளவிலான திறனில் சுற்றுவட்டாரத்துக்கு மறு ஒளிபரப்புச் செய்யும் சிறு நிலையங்கள், விரைந்து நிறுவப்பட்ட பின்னரே மலைவாழ் மக்களுக்குப் படம் எட்டத் தொடங்கியது.

அக்காலத்தில் மெக்கானிக்கின் முதன்மைப் பணி பெட்டியைத் திறப்பதன்று, ஏரியலுக்கு இடம் தேடுவதே. வீட்டுக் கூரையில் அலை கிடைக்காவிட்டால் மேலுள்ள முகட்டில் கம்பம் நட்டு, அங்கிருந்து தேயிலைச் செடிகளுக்கு இடையே ஒயரை இறக்க வேண்டும். தொடக்கத்தில் பயன்பட்ட தட்டையான ரிப்பன் ஒயர் சமவெளிக்கு ஏற்றது. மலையிலோ மூடுபனி அதன்மீது ஈரமாகப் படிந்தவுடன் அலையின் வலிமை குறைந்துவிடும் என்பதால், காலையில் தெளிவாக இருந்த படம் மாலையில் மங்கும். நடுக்கம்பியைச் சுற்றிக் காப்பும், அதன்மேல் உலோக வலையும் கொண்ட கோஆக்சியல் கேபிள் வந்த பிறகே இக்குறை நீங்கியது. அலையைப் பெருக்கித் தரும் பூஸ்டரைக் கம்பத்தின் உச்சியில், ஏரியலுக்கு அருகிலேயே பொருத்த வேண்டும். கீழே பெட்டிக்கு அருகில் பொருத்தினால் அது வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். இவற்றுக்கு அப்பால், கம்பத்தில் ஏறி ஏரியலைத் திருப்பிவிடும் குரங்குகள், இரவில் ஒயரை இழுத்துச் செல்லும் காட்டெருமைகள், ஏப்ரல்–மே மாதங்களின் இடி மின்னல் ஆகிய மூன்றையும் கணக்கில் கொள்ளாத எந்த வேலையும் மலையில் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை.

1986-ல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தும், 1987-ல் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட்டும் இவ்வகை ஏரியல் வேலைகளைப் பெருக்கின. பெட்டி இருந்த வீடுகள் சில. பார்த்தவர்கள் ஊர் முழுவதும். தோட்டத்து மன்றத்திலோ ஊராட்சித் தொலைக்காட்சி அறையிலோ இருந்த ஒரு பெட்டி, முன்வரிசையில் சிறுவர்களும் பின்னால் கம்பளி போர்த்திய பெரியவர்களுமாக நூறு பேருக்குப் போதுமானதாக இருந்தது. அத்தகைய நாளில் அந்த ஒரு பெட்டி நின்றுபோவது ஓர் ஊரின் இழப்பாகும். மெக்கானிக்கின் பொறுப்புணர்வு உருவானது அந்த நெருக்கடியில்தான்.

ஈரத்தோடு ஒரு போராட்டம்

பழைய படக்குழாய்ப் பெட்டிகளில் மலைக்கே உரிய ஒரு கோளாறு உண்டு; அதைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். படக்குழாய்க்குள் எலக்ட்ரான்களை ஈர்த்துத் திரையில் மோதச் செய்வதற்கு, வண்ணப் பெட்டிகளில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தேவை. அதை உண்டாக்கும் பகுதியை மெக்கானிக்குகள் 'இ.எச்.டி.' என்பார்கள், அதிலிருந்து வரும் தடித்த ஒயர், ரப்பர்க் குல்லா ஒன்றின் வழியாகப் படக்குழாயின் தோளில் இணைகிறது. மூடுபனி நாள்களில் அக்குல்லாவின் விளிம்பில் ஈரமும் தூசியும் சேர்ந்து படலமாகிவிட, மின்சாரம் கண்ணாடியின் மேற்பரப்பு வழியாகக் கசிந்து 'டிக், டிக்' என்ற ஒலியோடு நீலப் பொறியாகத் தெறிக்கும். படம் அந்த ஒலிக்கேற்பச் சுருங்கி விரியும்.

இதைச் சரிசெய்யும் முறை எளியது. ஆனால் அதன் வரிசை மாறக் கூடாது. முதலில் மின் இணைப்பை அகற்ற வேண்டும். அடுத்து, தரை இணைப்பு ஒயர் கட்டிய ஸ்குரூடிரைவரின் நுனியைக் குல்லாவுக்கு அடியில் செலுத்திப் படக்குழாயில் தேங்கியுள்ள மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டி நின்று வெகு நேரமான பிறகும் அந்த மின்னூட்டம் ஆளைத் தூக்கியெறியும் அளவுக்கு இருக்கும் என்பதால், புதிதாகத் தொழில் கற்பவருக்கு இது முதல் பாடம். பிறகு குல்லாவை எடுத்து, கண்ணாடியையும் ரப்பரையும் ஸ்பிரிட்டால் துடைத்து, மிதமான சூட்டில் உலர்த்தி, சிலிக்கான் கிரீஸ் தடவி மீண்டும் பொருத்தினால் பெட்டி பல மாதங்கள் நன்றாக ஓடும். பெட்டியை அழகான துணியால் எப்போதும் மூடி வைத்தல் ஈரத்தை உள்ளேயே தங்கவிடும் என்பதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வதும் இவ்வேலையின் ஒரு பகுதி. புதுப் பெட்டிகளின் விளம்பரங்கள் திரையின் அளவையும் ஒலியின் வலிமையையும் பேசின. அப்பெட்டி குன்னூரின் நவம்பர் மாத ஈரத்தைத் தாங்குமா என்பதை அவை ஒருபோதும் பேசவில்லை. அக்கேள்விக்கு விடை கண்டவர்கள் மெக்கானிக்குகளே.

டிஷ் கொண்டுவந்த மாற்றம்

மலைக்கு வந்த கருவிகளுள் உண்மையிலேயே பெரும் மாற்றத்தை விளைவித்தது டிஷ் ஆகும். 1991-ல் ஆசியாசாட்-1 செயற்கைக்கோள் வழியாக ஸ்டார் டிவி ஒளிபரப்புத் தொடங்கியதும், கேபிள் நடத்துவோர் பெரிய டிஷ்களை நிறுவத் தலைப்பட்டனர். உதகையிலிருந்து நோக்கினால், 83 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் நின்ற இன்சாட் கோள்கள் ஏறத்தாழ 75 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே இருப்பவை, 105.5 பாகையில் நின்ற ஆசியாசாட்கூட 54 பாகை உயரத்தில் இருந்தது. அலை பக்கவாட்டிலிருந்து வராமல் மேலிருந்து வருவதால், முகட்டின் நிழலில் கிடந்த கீழ் லைனுக்கும் முகட்டின்மேல் இருந்த பங்களாவுக்கும் முதன்முறையாக ஒரே தெளிவு கிடைத்தது. எந்த விளம்பரமும் சொல்லாத இந்த நன்மையே மலைக்கு டிஷ் தந்த தலையாய கொடை.

டிஷ் பொருத்தும் வேலையில் சரிவு ஒரு சோதனையாகும். நிலம் சாய்ந்திருந்தாலும் கம்பம் தூக்குக்குண்டின் நூலுக்கு ஒத்துச் செங்குத்தாக நிற்க வேண்டும். சரிவுக்குச் செங்குத்தாக நட்டுவிட்டால், பின்னர் எத்தனை முறை திருப்பினாலும் கோள் எளிதில் அகப்படாது. மேல்நோக்கிப் படுத்த நிலையில் இருக்கும் பெரிய டிஷ் மழைநீரையும் சருகையும் ஏந்திக்கொள்ளும் என்பதால், வலைக்கம்பியாலான டிஷ்ஷே மலைக்குப் பொருத்தமானது. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாள்கள், பகலில் சில நிமிடங்கள் படம் இரைச்சலில் மறையும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் ஏற்படும் இயற்கை நிகழ்வு அது. ஆட்டத்தின் நடுவில் அது நேர்ந்தால், 'அண்ணே, சீக்கிரம் வாங்க' என்று அழைக்க வரும் இளைஞர்களிடம் இதை விளக்கிச் சொல்லி, காத்திருக்கச் செய்வதே மெக்கானிக்கின் கடமை.

இக்காலத்தில் ஒளிபரப்பின் சட்ட நிலையும் ஒரு விளையாட்டுப் போட்டியால் மாறியது. 1993-ல் நடந்த ஹீரோ கோப்பைக் கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் நடந்த உலகக் கோப்பையின்போது கேபிள் இணைப்பு மலையின் சிறுநகரங்களில் பரவலாகியிருந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில், 1996 மார்ச் 17-ஆம் நாள் லாகூரில் இலங்கை அணி கோப்பையை வென்றதைப் பெரியவர்கள் தனி மகிழ்ச்சியோடு கண்டதை இக்கட்டுரையாளர் நேரில் பார்த்திருக்கிறார். பிறந்த மண்ணின் பெயர் திரையில் வெல்வதைக் காண அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு, ஒரு கருவி செய்யக்கூடிய மிக உயர்ந்த பணிகளுள் ஒன்றாகும்.

ஆரவாரமும் தவணையும்

1990-களின் இறுதியில் தொடங்கிய தேயிலை விலைச் சரிவு இத்தொழிலையும் உலுக்கியது. புதுப் பெட்டி விற்பனை குறைய, பழைய பெட்டியைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாலோரின் தேவையாயிற்று. 2006 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய தமிழ்நாட்டரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 14 அங்குலப் பெட்டியை லைன் வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தது. 2007 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டை முன்னிட்டு அதைவிடப் பெரிய பெட்டியைத் தவணையில் வாங்கியவர்களும் இருந்தனர். மார்ச் மாதத்திலேயே இந்திய அணி முதல் சுற்றோடு வெளியேற, ஆட்டத்தின்மீதிருந்த ஆவல் அன்றே அடங்கியது, தவணையோ ஆண்டு முழுவதும் தொடர்ந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட, முக்கிய விளையாட்டு ஒளிபரப்புகளைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் கட்டாயம் பகிர வேண்டும் என்னும் சட்டம், கட்டணம் செலுத்த இயலாத வீட்டுக்குச் செய்த நன்மை எந்தப் பெரிய திரையும் செய்யாதது.

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய இலவச டி.டி.எச். சேவையும், அதன் முன்னும் பின்னும் வந்த தனியார் சேவைகளும் சிறிய டிஷ்ஷை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தன. டி.டி.எச். என்பது செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வீட்டுக்கே அலையைப் பெறும் முறை. இது பயன்படுத்தும் கே.யூ. அலைவரிசை, முந்தைய பெரிய டிஷ்கள் பயன்படுத்திய சி அலைவரிசையைவிட மிகுந்த அதிர்வெண் கொண்டதாகையால் கனமழையில் எளிதில் வலுவிழக்கும். மூடுபனியின் நுண்துளிகளால் பெரும் பாதிப்பில்லை. கனமழையின் பெருந்துளிகளே தடை. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் உலகக் கோப்பைக் கால்பந்து பெரும்பாலும் நடைபெறும். கேரளத்தை ஒட்டிய அப்பகுதியிலோ அர்ஜென்டினா, பிரேசில் அணிகளுக்குத் தெருவெங்கும் பதாகை கட்டும் அளவுக்குக் கால்பந்துப் பற்று மிகுதி. ஆர்வமும் மழையும் ஒரே வாரத்தில் உச்சம் தொடும் இடம் அது.

இதற்கு மெக்கானிக்குகள் கண்ட தீர்வு இரண்டு. ஒன்று, 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதிலாக 90 சென்டிமீட்டர் டிஷ் பொருத்துதல். மற்றொன்று, படம் வந்தவுடன் வேலை முடிந்ததாகக் கருதாமல், அலைத் தரத்தின் அளவு உச்சத்தை எட்டும்வரை டிஷ்ஷை நூலிழை நூலிழையாக நகர்த்துதல். பழைய முறையில் அலை குறையக் குறையப் படம் படிப்படியாக மங்கும். எண்மமுறையில் படம் கடைசிவரை தெளிவாக இருந்து, ஓர் எல்லைக்குக் கீழே திடீரென உறைந்துவிடும். ஆகவே வெயில் நாளில் தெளிவாகத் தெரியும் இரண்டு இணைப்புகளுள் எது நன்கு பொருத்தப்பட்டது என்பதை மழை நாள் மட்டுமே காட்டும். மெக்கானிக்கின் கையில் இல்லாத தடைகளும் உண்டு: 2010 ஜூலையில், உலகக் கோப்பைக் கால்பந்தின் கடைசி வாரத்தில், இன்சாட்-4பி கோளின் மின்வழங்கலில் ஏற்பட்ட குறைபாட்டால் அதன் அலைமாற்றிகளில் பாதி நிறுத்தப்பட்டன. அதே போட்டியின் 25 ஆட்டங்கள் முப்பரிமாணத்தில் படமாக்கப்பட்டு, அடுத்த யுகத்தின் கருவி என்று முப்பரிமாணத் தொலைக்காட்சி முழங்கப்பட்டது. 2017-க்குள் பெரிய நிறுவனங்கள் அதன் தயாரிப்பையே கைவிட்டன. அந்த 90 சென்டிமீட்டர் டிஷ்களோ அடுத்தடுத்த போட்டிகளுக்கும் பயன்பட்டன.

கைப்பேசிக் காலம்

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கித் தரவின் விலை வீழ்ந்தபின், ஆட்டம் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தது. 2022-ல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து கட்டணமின்றிக் கைப்பேசியில் கிடைத்தது. 2023 நவம்பர் 19-ஆம் நாள் அகமதாபாத்தில் நடந்த கிரிக்கெட் இறுதியாட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் இணையவழியில் பார்த்தனர். கொழுந்து பறிக்கும் இடைவேளையிலும் ஓட்ட எண்ணிக்கையை அறிய முடிவது தொழிலாளருக்குக் கிடைத்த நன்மையே. ஆனால் அலை நிழல் என்னும் பழைய சிக்கல் இங்கே திரும்பி வந்துவிட்டது: கைப்பேசி அலையும் கோபுரத்திலிருந்து பக்கவாட்டில் வருவதால், டிஷ்ஷால் மேல் லைனுக்குச் சமமாகியிருந்த கீழ் லைன் மீண்டும் பின்தங்கிவிட்டது. இதே ஆண்டுகளில் தூர்தர்ஷனின் சிறு அஞ்சல் நிலையங்களும் படிப்படியாக மூடப்பட்டமையால், ஏரியல் மட்டும் கொண்டு செலவின்றிப் பார்க்கும் வழியும் அடைபட்டது.

பழுதுபார்த்தலும் சுருங்கியுள்ளது. படக்குழாய்ப் பெட்டியில் ஒரு மின்தேக்கியையோ டிரான்சிஸ்டரையோ மாற்றிச் சில நூறு ரூபாயில் உயிர் கொடுக்க முடிந்தது, இன்றைய எல்.இ.டி. பெட்டியில் பின்விளக்குப் பட்டையையும் மின்வழங்கல் போர்டையும் மாற்றலாம் எனினும், ஈரம் புகுந்து பேனல், அதாவது திரைப்பகுதி, கெட்டால் அதன் விலை புதுப்பெட்டியின் விலையை நெருங்குகிறது. ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. உதிரிப்பாகம் மலைக்கு வந்து சேரும்போதே அவ்வுரிமை பொருள் பெறும். ஈயம் கலந்த கண்ணாடி கொண்ட பழைய படக்குழாய்கள் ஓடைக்கரைகளில் வீசப்படாமல் முறையாகத் திரட்டப்பட வேண்டியதும் இதே அக்கறையின் மறுபக்கம்.

ஆகவே, அடுத்த உலகக் கோப்பைக்கு முன் புதுக் கருவி வாங்க எண்ணும் மலைவாழ் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை: இந்த வீடு இருக்கும் மடிப்பில் எந்த வழியாக அலை வரும், மழையிலும் ஈரத்திலும் அது எவ்வளவு தாங்கும், கெட்டால் உள்ளூரில் யார் திறந்து பார்ப்பார், உதிரிப்பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும். இவற்றுக்கு விடை தரும் கருவி பழையதாயினும் நல்லது. விடை தராதது எத்தனை புதியதாயினும் மலைக்கு உதவாது. ஒரு கருவியின் தகுதியைக் கடைத்தெருவின் காட்சிக்கண்ணாடிக்குப் பின்னால் அளக்காமல், இறுதியாட்டத்தன்று மழையில் நனையும் கடைசி லைனின் கடைசி வீட்டில் அளக்க வேண்டும். அரசும் நிறுவனங்களும் அவ்வாறு அளக்கத் தொடங்கினால், ஒவ்வொரு பெரும் போட்டியும் மலைக்கு விட்டுச்செல்லும் பயன் இப்போதுள்ளதைவிடப் பன்மடங்காகும்.